வெள்ளித்திரைக்கு வழி எது?

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு வாலிபர் வந்தார். அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய தகப்பனார் எழுதிய கடிதம் வந்து சேர்ந்திருந்தது. "என் புதல்வன் என்ஜினீயர் பரீட்சையில் தேறியவன். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஆறு மாத காலமாக அவனுக்குச் சினிமாப் பித்துப் பிடித்திருக்கிறது. வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறான். தாங்கள் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் புத்திமதி சொல்கிறீர்கள். இவனுக்கும் நாலு வார்த்தை சொல்லி, அந்த எண்ணத்தை வேரோடு களைந்துவிட வேண்டும்" என்று அவர் எழுதியிருந்தார்.

களை பறிப்பதில் நமக்கு அவ்வளவு பழக்கம் கிடையாது. எது களை, எது பயிர் என்பதே பல சமயங்களில் நமக்கு விளங்குவதில்லை. ஆகையால் முதலில் வாலிபரைப் பேச விட்டோம்.

"எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் போதும்" என்றார் அவர். கிடைத்தும் விட்டதாம்! கைப்பேசியை எடுத்து, தமக்கு வந்திருந்த கடிதத்தைக் காட்டினார். பட்டணத்தில் ஏதோ ஒரு படக் கம்பெனி அவருடைய புகைப்படத்தைக் கண்டு பரவசமடைந்து, தனது புதிய படத்தில் அவரை இரண்டாவது கதாநாயகனாக நியமித்திருந்தது. பதிவுக் கட்டணம், புகைப்படச் செலவு, பயிற்சிச் செலவு ஆகியவற்றுக்காக 85,000 ரூபாய் மட்டும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் கண்டிருந்தது.

"பணத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டோம்.

வாலிபர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா தன் வளையல்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது" என்றார்.

இந்த வாரம் நாம் எழுத நினைத்திருந்த விஷயம் வேறு. அந்த இரண்டு வளையல்களை உத்தேசித்து அதை ஒத்தி வைத்திருக்கிறோம். நமது நேயர்களின் குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளும் பெண்களும் எத்தனையோ பேர் இருக்கக் கூடும். அவர்களிடம் நாம் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

*

சினிமாத் தொழிலின் பாலபாடம் மிகவும் சுலபமானது. நடிக்கிறவருக்குப் பட முதலாளி பணம் கொடுப்பார். நடிக்கிறவரிடமிருந்து பணம் வாங்கமாட்டார். கொல்லுலையில் வேலைக்குப் போகிறவன் உலைக்குக் கரி வாங்கிக்கொண்டு போவதில்லை. ஒரு படத்துக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கும் செலவு படத்தின் கணக்கில் சேரும். ஆகவே பதிவுக் கட்டணம், அடையாளச் சீட்டுக் கட்டணம், பத்திரச் செலவு என்று எந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்டாலும், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டியதுதான். வருகிற அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்தாலும் நஷ்டமில்லை.

இந்த மோசக்காரர்கள் பெரும்பாலும் பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரைத் திருடிக்கொண்டு வருகிறார்கள். ஆகையால் கடிதத்தில் கண்ட எண்ணுக்குப் பேசி விசாரிப்பதில் பயனில்லை. அதே ஆசாமிதான் மறுமுனையிலும் பேசுவான். கம்பெனியின் காரியாலயத்தைத் தனியே தேடிக் கண்டுபிடித்து, நேரில் போய் விசாரிக்க வேண்டும். படத்தின் டைரக்டர் யார், முன்னால் அவர் எடுத்த படம் என்ன, படப்பிடிப்பு எப்போது, எங்கே என்று கேட்க வேண்டும். உண்மையானவர்கள் இந்தக் கேள்விகளால் கோபம் அடைவதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இணையப் பண மோசடிகளுக்கென்று சர்க்கார் வைத்திருக்கும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க இடமுண்டு.

நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் சம்பளம் வாங்குவது வேறு விஷயம்; அது கற்பிப்பதற்கு வாங்கும் கூலி. ஆனால் "எங்களிடம் படித்தால் படத்தில் வேஷம் நிச்சயம்" என்று உறுதி கூறும் பள்ளிக்கூடத்தையும் மேற்சொன்ன பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

*

இனி, அந்தச் சந்தர்ப்பம் என்கிற சமாசாரத்துக்கு வருவோம். சந்தர்ப்பம் கிடைத்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கிடைத்த அன்று கையில் என்ன சரக்கு இருக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் 1936-இல் 'சதி லீலாவதி' என்ற படத்தில் முதன்முதலாகத் தோன்றினார். சிறிய போலீஸ் அதிகாரி வேஷம். அவர் கதாநாயகராக நடித்த 'ராஜகுமாரி' வெளிவந்தது 1947-இல். இடையில் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷமும் அவர் சந்தர்ப்பத்துக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கவில்லை. கிடைத்த சின்ன வேஷங்களையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார். 1936-க்கு முன்பும் அவர் சிறு பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வேஷம் கட்டியவர்.

ஸ்ரீ சிவாஜி கணேசன் 1952-இல் 'பராசக்தி' மூலம் ஒரே நாளில் புகழடைந்தார் என்று சொல்வார்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட மேடை வாழ்க்கை இருந்தது. சிறுவனாக வீட்டை விட்டுப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, முதலில் சீதையாகப் பெண் வேஷம் கட்டினார். படத்தில் அவர் பேசிய நீண்ட வசனங்களைக் கேட்டு ஜனங்கள் பிரமித்தார்களென்றால், அந்த மூச்சு மேடையில் பயின்ற மூச்சு.

ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளுக்கு 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிப்பதற்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கேட்டவர்கள் மயங்கி விழக்கூடிய தொகை. சிறுமியாக மேடை ஏறி, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரையில் கேட்கும்படி பாடிப் பழகிய குரலுக்குக் கொடுத்த விலை அது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் ஒரு பால சபையைத் தொடங்கினார். அவ்விதமான பாய்ஸ் கம்பெனிகள்தாம் அந்தத் தலைமுறைக்குக் கலாசாலைகளாக இருந்தன. விடியற்காலையில் எழுந்து பாட்டு, பிறகு வசனப் பாடம், பிறகு ஒத்திகை, இரவில் நாடகம். பிள்ளைகளுக்கு அடி உதை, அரை வயிறு, வீட்டு நினைவு எல்லாம் உண்டு. அந்தக் கஷ்டங்கள் திரும்பி வர வேண்டாம். ஆனால் அங்கே நடந்த அப்பியாசம் இல்லாமல் நடிப்பு வராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

*

"இப்போது பாய்ஸ் கம்பெனிகள் இல்லையே, எங்கே போய்ப் பயில்வது?" என்று வாலிபர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

டில்லியில் 1959-இல் ஏற்பட்ட தேசிய நாடகப் பள்ளி மூன்று வருஷப் பாடம் நடத்துகிறது. புனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் சர்க்கார் தொடங்கிய திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே நாடகக் குழுக்கள் உண்டு. ஸ்ரீ ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தை மதித்து, அதிலிருந்து உடம்பையும் குரலையும் பழக்கும் முறையைக் கற்றுக்கொண்ட குழு. ஸ்ரீமான்கள் பசுபதி, குரு சோமசுந்தரம், ஸ்ரீமதி கலைராணி ஆகியோர் அங்கே பயின்றவர்கள். நமது ஊர்ப்புறத்துக் கூத்தை நாகரிகக் குறைவு என்று நினைத்து ஒதுக்கியவர்கள், இந்தப் பெயர்களைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

இவை ஒன்றும் கிட்டாவிட்டாலும் வீட்டிலேயே செய்யக்கூடியவை உண்டு. தினந்தோறும் அரைமணி நேரம் தமிழை வாய்விட்டு வாசிக்க வேண்டும். லகர, ளகர, ழகரமும், ரகர, றகரமும் நாவில் தனித்தனியே நிற்க வேண்டும். 'மழை'யும் 'மலை'யும் ஒன்றாகப் பெய்கிற நாவை வைத்துக்கொண்டு தமிழ்ப் படத்தில் நடிப்பது தமிழுக்குச் செய்யும் துரோகம். வாரம் ஒரு காட்சியை மனப்பாடம் செய்து, கைப்பேசியில் படம் பிடித்து, மறுநாள் பிறருடைய நடிப்பைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் வேதனையாக இருக்கும். அந்த வேதனைதான் குரு தட்சிணை. நீச்சல், சிலம்பம், சைக்கிள், ஏதேனும் ஒரு வாத்தியம், இன்னொரு பாஷை: இவற்றில் எது தெரிந்திருந்தாலும் வீண் போகாது.

ஸ்ரீ ரஜனிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்த உத்தியோகத்திலிருந்து வந்து சென்னையில் நடிப்புப் பள்ளியில் சேர்ந்து படித்தார். டைரக்டர் ஸ்ரீ கே. பாலசந்தர் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ் கற்றுக்கொள்ளச் சொன்னார், அவரும் கற்றுக்கொண்டார். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஒரு வாயிற்கதவைத் திறந்துகொண்டு வந்தார். சின்ன வேஷம்தான். தமிழ் தாய்பாஷையாக இல்லாதவர் அதைப் பயின்றிருக்கையில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் பயிலாமலிருக்க என்ன நியாயம் இருக்கிறது?

*

மேடையில் நன்றாக நடிக்கிறவர்களும் முதல் நாள் காமிராவுக்கு முன்னால் திண்டாடுவது உண்டு. காரணம், இரண்டு தொழிலுக்கும் உள்ள வித்தியாசம்.

மேடையில் கதை முதலிலிருந்து முடிவு வரையில் ஓடுகிறது. படப்பிடிப்பில் கடைசிக் காட்சியை முதல் நாளிலேயே எடுத்துவிடுவார்கள். தாயார் இறந்ததற்குக் காலையில் அழுதுவிட்டு, அதே தாயார் கையால் சாப்பிடும் காட்சியில் மாலையில் சிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே முழுக் கதையும் தெரிந்திருந்தால், ஒவ்வொரு காட்சியிலும் தம்முடைய பாத்திரம் எந்த மனநிலையில் இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வது நலம். மேடையில் கடைசி வரிசைக்காரர் காணும்படி கையை வீச வேண்டும். காமிராவோ முகத்துக்கு அருகில் வந்து நிற்கிறது; புருவம் அசைந்தாலே அதற்குப் பெரிய செய்தி. தரையில் குறி போட்ட இடத்தில் தரையைப் பாராமல் வந்து நிற்கப் பழக வேண்டும். சென்ற தடவை எந்தக் கையில் காப்பி டம்ளரைப் பிடித்திருந்தோம், எந்தச் சொல்லில் கீழே வைத்தோம் என்பது நினைவிருக்க வேண்டும். இல்லாவிட்டால், படத்தொகுப்பாளர் அந்தக் காட்சியை வெட்டி எறிய நேரும். அதனுடன் நடிகரும் வெட்டுப்படுவார்.

இன்னொரு சிறிய விஷயம். ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறே முக்காலுக்கு வந்திருக்க வேண்டும். வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கும் என்றாலும் முணுமுணுக்கக் கூடாது. படப்பிடிப்புத் தளத்தில் பாதி வேலை காத்திருப்பதுதான். காத்திருக்கும் நேரத்தில் விளக்குப் பிடிக்கிறவர், உடை கொடுக்கிறவர், உதவி டைரக்டர் எல்லாரும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்றைய உதவி டைரக்டர் நாளைய டைரக்டர். அடுத்த படத்துக்கு ஆள் தேடும்போது, திறமைசாலியின் பெயருக்கு முன்னால் தொந்தரவு கொடுக்காதவரின் பெயர்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

*

வேஷம் தேடுவது எப்படி? ஆடம்பரமான புகைப்படப் புத்தகம் தேவையில்லை. முகம் தெரியும்படி ஒன்று, முழு உருவம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பூச்சு இல்லாமல், பகல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால் எடுத்தால் போதும். கைப்பேசிக்குள் இருக்கும் தந்திரங்களால் மூக்கைச் செதுக்கியும் நிறத்தை வெளுத்தும் அனுப்பினால், நேரில் வேறு ஒருவர் போய் நிற்க வேண்டியிருக்கும். வயது, உயரம், தெரிந்த பாஷைகள், தெரிந்த வித்தைகள் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். குதிரை ஏறத் தெரியும் என்று எழுதியவரை ஒரு நாள் குதிரை மீதே ஏற்றிவிடுவார்கள்! இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாமல் இரண்டு காட்சிகளை, ஒன்று அமைதியாகவும் ஒன்று வேகமாகவும், நடித்துப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வேஷம் சின்னது என்று ஒதுக்கக் கூடாது. ஸ்ரீமதி மனோரமா கதாநாயகியாக வரலாம் என்ற ஆசையுடன் நாடக மேடையிலிருந்து வந்தவர். 1958-இல் 'மாலையிட்ட மங்கை' படத்தில் அவருக்குக் கிடைத்தது ஹாஸ்ய வேஷம். அதை ஏற்றுக்கொண்டார். 2015-இல் அவர் காலமானபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்திருந்தார். அவருடன் கதாநாயகிகளாக நடித்தவர்கள் பலருடைய பெயர்களை இன்று நாம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய கதவு திறக்காவிட்டால், தம் வயதுக்காரர்களுடன் சேர்ந்து குறும்படங்களில் நடிக்கலாம். ஸ்ரீ விஜய் சேதுபதி, ஸ்ரீ கார்த்திக் சுப்பராஜ் எடுத்த குறும்படங்களில் நடித்தவர். அதே டைரக்டரின் முதல் பெரிய படமான 'பீட்ஸா' 2012-இல் வெளிவந்தபோது அவரே கதாநாயகர். பெரியவர்கள் கை தூக்கிவிடுவார்கள் என்று காத்திருப்பதைக் காட்டிலும், சம வயதினர் ஒருவரையொருவர் தூக்கிவிடுவது அதிக நிச்சயமான வழி.

*

இத்தனைக்கும் வருஷங்கள் ஆகும். அதுவரையில் சாப்பாட்டுக்கு என்ன வழி? இதுதான் நாம் வாலிபரிடம் கேட்ட முக்கியமான கேள்வி. பசித்தவன் நல்ல வேஷத்துக்கும் கெட்ட வேஷத்துக்கும் வித்தியாசம் பாராட்ட முடியாது. நல்ல மனிதரையும் மோசக்காரரையும் பிரித்து அறிய முடியாது. வாடகைப் பணத்துக்குத் தவிக்கிறவன் முகத்தில் அந்தத் தவிப்புத்தான் காமிராவுக்குத் தெரியும்.

ஸ்ரீ நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே மேடையில் நடித்தவர். ஸ்ரீ விஜய் சேதுபதி துபாயில் கணக்கு எழுதினார். பிறகு ஊர் திரும்பிக் கூத்துப்பட்டறையிலும் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தார். கூட்டத்தில் ஒருவராகப் பல படங்களில் நின்ற பிறகு, 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகர் ஆனார். ஸ்ரீ ஆர். கணேசன் கலாசாலையில் ரசாயனம் கற்பித்தவர். பின்னர் ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகத்தில் சேர்ந்து, நடிக்க வருகிறவர்களைப் பேட்டி காணும் வேலை பார்த்தார். 1947-இல் 'மிஸ் மாலினி'யில் அவரே ஒரு சிறிய வேஷத்தில் தோன்றினார். பிற்பாடு ஜெமினி கணேசன் என்று நாடறிந்தவர் அவர்தான். ஆக, வேறு உத்தியோகம் பார்ப்பது நடிப்புக்கு விரோதம் என்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

*

நடிக்க விரும்பும் பெண்மணிகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழில் பேசும் படங்களின் முதல் கதாநாயகி, 1931-இல் 'காளிதாஸ்' படத்தில் நடித்த ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி. 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படத்தை அவரே டைரக்ட் செய்தார். ஆகவே இந்தத் துறை பெண்களுக்கு அந்நியமானதன்று. ஆனால் அபாயங்கள் உண்டு என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. மலையாளப் படவுலகில் பெண்களின் நிலைமையை ஆராய்வதற்காகக் கேரள சர்க்கார் 2017-இல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. 2024-இல் வெளியான அதன் அறிக்கை, அங்கே பெண்கள் பட்ட அவமானங்களை ஊரறியச் செய்தது. மற்ற இடங்களில் எல்லாம் ராமராஜ்யம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே, பேட்டிக்குக் காரியாலயத்துக்குப் போகலாம். ஹோட்டல் அறைக்குப் போகக் கூடாது. பகலில் போகலாம், இரவில் அழைத்தால் மறுத்துவிட வேண்டும். கூட ஒருவர் வருவார் என்று சொல்லும்போதே எதிராளியின் முகம் மாறினால், அந்த வேஷம் நமக்கு வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்க 2013-இல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ளவர்களோ, பெண் வந்து ஒரு கஷ்டத்தைச் சொல்லும்போது "அப்போதே சொன்னேனே!" என்று தொடங்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள்.

*

வேஷம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கடியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பணம், எந்தெந்தத் தவணையில், பிரயாணமும் சாப்பாடும் யார் செலவு, குரல் பதிவுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அடுத்த மூன்று படங்களும் எங்களுக்கே" என்று ஒரு வரி நடுவில் ஒளிந்துகொண்டிருக்கலாம். நடிகருடைய முகத்தையும் குரலையும் இயந்திரத்தின் உதவியால் பிரதி செய்து, அவர் நடிக்காத காட்சியையும் நடித்ததாகக் காட்டுவது இக்காலத்தில் சாத்தியமாகியிருக்கிறது. ஆகையால், தம் சம்மதம் இல்லாமல் அவ்விதம் செய்யலாகாது என்று எழுதி வாங்கிக்கொள்வதும் விவேகம். முதல் படத்தில் பேரம் பேசுவதற்கு அதிக பலம் இராது. ஆயினும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவருக்கும், படிக்காமல் போடுகிறவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல.

வருகிற பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்க வேண்டும். ஸ்ரீ எம். கே. தியாகராஜ பாகவதரைக் காட்டிலும் புகழ் பெற்ற நடிகர் அவர் காலத்தில் இல்லை. அவருடைய 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த வருஷமே அவர் ஒரு கொலை வழக்கில் சிக்கிச் சிறை சென்றார். 1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தபோது, ஜனங்களின் ரசனை மாறிவிட்டிருந்தது. பழைய புகழ் திரும்பவில்லை. 1959-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே காலமானார். அவ்வளவு பெரிய மரத்தையே காற்று சாய்த்துவிட்டதென்றால், நேற்று நட்ட செடி எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

*

இவ்வளவும் சொன்ன பிறகு, எதற்காக நடிக்க வேண்டும் என்று வாலிபரைக் கேட்டோம். அவருக்குப் பதில் உடனே வரவில்லை. அதற்காக அவரை நாம் குறை சொல்லவில்லை.

நமது நாட்டில் நடிகர்களுக்கு ஒரு வம்ச பரம்பரை உண்டு. ஸ்ரீ விசுவநாத தாஸ் மேடையில் தேசியப் பாட்டுகளைப் பாடினதற்காகப் பல முறை சிறை சென்றார். 1940-ஆம் வருஷத்தின் கடைசி நாளில், சென்னையில் முருகன் வேஷத்துடன் மேடையில் இருக்கும்போதே அவருடைய உயிர் பிரிந்தது. 1939-இல் டைரக்டர் ஸ்ரீ கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி'யை அப்போதைய ஆங்கில சர்க்கார் தடை செய்தது. ஒரு படத்தைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் பயந்தது! இன்று அந்த சாம்ராஜ்யம் இல்லை. நடிகர் சிறைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஜனங்கள் நடிகரைப் பார்த்து உடை உடுத்துகிறார்கள், பேசுகிறார்கள், சில சமயம் குடிக்கவும் சூதாடவும் கற்றுக்கொள்கிறார்கள். எதை விற்பதற்குத் தம் முகத்தைக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்ற கேள்வி ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு நாள் வந்தே தீரும். அதற்கு விடையை, பணம் மேஜை மீது இருக்கும்போது யோசிப்பதைவிட இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

கடைசியில் வாலிபருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். உத்தியோகத்தை விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை நேரங்களிலும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து பயில்வது. மூன்று வருஷம் தவணை. அதற்குள் அறிமுகம் இல்லாத நாலு பேர் அவருக்குக் கூலி கொடுத்து நடிக்க அழைத்திருந்தால், உத்தியோகத்தை விடுவதைப் பற்றி யோசிக்கலாம். அழைக்காவிட்டால், உத்தியோகமும் நாடகமும் இரண்டும் இருக்கும். இரண்டும் உள்ள வாழ்க்கை தாழ்ந்த வாழ்க்கை அன்று. வளையல்கள் தாயார் கையிலேயே இருக்க வேண்டும் என்பது முதல் ஷரத்து. நம் முன்னிலையிலேயே அந்தக் கம்பெனிக்கு, "எனக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தில் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளவும்" என்று எழுதி அனுப்பினார். இது வரையில் பதில் இல்லை.

தகப்பனாருக்கும் நாம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். "ஐயா! தாங்கள் கேட்டுக்கொண்டபடி வேரோடு களைய நம்மால் முடியவில்லை. மன்னிக்க வேண்டும். தங்கள் புதல்வரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை அவரே தங்களிடம் சொல்லுவார். சொல்லும்போது கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவர்களுடைய குழு ஒரு நாடகம் போடுகிறதாம். தாங்களும் தங்கள் மனைவியாரும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்று எழுதினோம்.

நாமும் போவதாகத்தான் இருக்கிறோம். வாலிபருக்கு அதில் வாயிற்காப்போன் வேஷம்; வசனம் இரண்டே வரி. அந்த இரண்டு வரியிலும் ழகரம் இருக்கிறதாம். தினம் அரைமணி நேரம் பழகிக்கொண்டிருக்கிறார்.